பக்கத்து வீட்டுப் பாதை, தட பாத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 31 ஆண்டுகள் பத்திரம் எழுதினேன். தொழிலை மகனிடம் விட்டுவிட்டேன். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது வந்துவிடுகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சண்டை நிலத்தைப் பற்றியது அல்ல, நிலத்துக்குப் போகும் தடத்தைப் பற்றியது. ஒரே சந்தேகங்களை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். நான் வக்கீல் அல்ல. வழக்கு என்று ஆகிவிட்டால் பத்திரக் கட்டோடு வக்கீலைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்குமுன் இதைப் படித்துவிட்டுப் போனால் அவர் சொல்வது புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் இடத்தின் வழியாகத்தான் என் வீட்டுக்குப் போகிறேன். இது என் உரிமையா, அவருடைய தயவா?

மூன்றில் ஒன்றாக இருக்கும். பாதை நிலமே இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். பாகப்பிரிவினையில் "10 அடிச் சந்து இருவருக்கும் பொது" என்று விட்டிருந்தால் நீங்கள் அதன் கூட்டு உரிமையாளர். இரண்டாவது வகையில் நிலம் முழுக்க அவருடையது. போய்வரும் பாத்தியம் மட்டும் உங்களுடையது. இதைச் சட்டம் வசதியுரிமை என்கிறது. நீதிமன்ற வாசலில் ஈஸ்மெண்ட் என்பார்கள். இதற்கென்று 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் அன்றைய சென்னை மாகாணமும் ஒன்று. தடச் சண்டைக்கு நம்மூரில் அவ்வளவு வயதாகிறது.

மூன்றாவது வெறும் அனுமதி. "போய்க்கொள்ளுங்கள், எனக்கென்ன" என்று ஒருவர் சொன்னதன் பேரில் போவது. வசதியுரிமை நிலத்தோடு ஒட்டியது. வீட்டை விற்றால் வாங்குகிறவருக்கும் போகும். அனுமதி அப்படி அல்ல. கொடுத்தவர் பொதுவாகத் திரும்பப் பெறலாம். கீழே வரும் எல்லாப் பதில்களும் உங்கள் பாதை இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தே மாறும்.

அது எந்த வகை என்று எந்தக் காகிதத்தில் பார்ப்பது? பட்டாவில் பாதையே இல்லையே?

பட்டாவில் இருக்காது. பட்டா யாருடைய பெயரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும். யார் யாருடைய நிலத்தில் நடக்கலாம் என்று சொல்லாது. பட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து "பாதை எனக்குச் சொந்தம்" என்பவர்களும் "பாதை இல்லவே இல்லை" என்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

உங்கள் கிரயப் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். தாய்ப்பத்திரம், அதற்கு முந்தையது, இரண்டு நிலமும் ஒரே கையில் இருந்து பிரிந்த அந்தப் பத்திரம் வரைக்கும். அந்தப் பிரிவினைப் பத்திரம்தான் முக்கியம். செக்குபந்தி என்னும் நான்கு எல்லை விவரத்தைக் கவனியுங்கள்: "தெற்கில் பொதுப் பாதை" என்பதும் "தெற்கில் இன்னாருடைய நிலம்" என்பதும் ஒன்றல்ல. பிறகு புல வரைபடத்தில் அந்தப் பாதைக்குத் தனி உட்பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் செய்யாத ஒரு வேலை உண்டு. எதிர்த் தரப்பின் பத்திர நகலையும் வாங்குங்கள். பதிவான கிரயம், பாகப்பிரிவினைப் பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பெறலாம். உங்கள் பத்திரத்தில் இல்லாத பாதை அவருடைய பத்திரத்தில் எல்லையாக எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பத்திரத்தில் "மாமூல் வழிநடைப் பாதை பாத்தியம் உட்பட" என்று இருக்கிறது. காரும் போகலாம் அல்லவா?

இந்த வாசகத்தை நானே நூற்றுக்கணக்கான பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை தானாக ஓடும். இன்று திண்ணையில் வந்து உட்காருகிறவர்களில் சிலர் என் கையெழுத்தைத்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாமூல் என்றால் வழக்கமாக உள்ளது. எவ்வளவு அகலம், எந்தப் பக்கம், யாருடைய நிலத்தில், காலால் நடக்கவா வண்டி ஓட்டவா என்று எதையும் அந்த வரி சொல்வதில்லை. இன்னொரு குறையும் உண்டு: விற்றவருக்கே இல்லாத பாதையை அவர் உங்களுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் கையெழுத்துப் போடாத ஒரு பத்திரம் அவருடைய நிலத்தில் புதிதாகப் பாதை வெட்டாது. முன்பே இருந்த பாத்தியம் இருந்தால் அது கைமாறும், அவ்வளவே.

காரைப் பொறுத்தவரை, ஒரு வகைப் பாதை உரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று மேலே சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நடைபாதை பாத்தியம் உள்ளவர் வண்டி ஓட்டலாம் என்று தானாக ஆகிவிடாது. கொடுத்தபோது இருதரப்பும் எதை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதைப் பத்திரத்தின் சொற்களிலும் அன்றைய நிலைமையிலும் நீதிமன்றம் தேடும். "வண்டி வாகனாதிகள் சென்று வர" என்று எழுதியிருந்தால் உங்கள் நிலை பலமாகும். மாட்டு வண்டி போன 8 அடித் தடத்தில் டிராக்டர் போகலாமா என்று வாதாட இடமுண்டு. மூன்றடிச் சந்தை வைத்துக்கொண்டு காருக்கு வழி கேட்டால் வழியே இல்லை.

20 ஆண்டு நடந்துவிட்டால் பாதை எனக்குச் சொந்தம் என்கிறார்களே?

பாதி உண்மை. நிலம் ஒருநாளும் சொந்தமாகாது. நடக்கும் உரிமை கிடைக்கலாம். 15ஆம் பிரிவு கேட்பவை: அமைதியாக, எல்லாருக்கும் தெரிய, இடையில் தடைபடாமல், உரிமையோடு 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள்.

"உரிமையோடு" என்ற சொல்லில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன. நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்றதால் நடந்தீர்கள் என்றால் 40 ஆண்டு நடந்தாலும் அது அனுமதிதான். மாமா, அத்தை வீட்டு நிலத்தில் சொந்தத்தின் பேரில் நடந்ததும் பெரும்பாலும் இப்படியே பார்க்கப்படும். சாட்சிக் கூண்டில் ஏறி "அவர்கள் நல்ல மனிதர்கள், எப்போதும் போகச் சொல்வார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, தன் வழக்கைத் தானே தோற்ற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

காலக் கணக்கில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. அந்த 20 ஆண்டுகள் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் நடந்து, பத்து ஆண்டுகளாக விட்டுப்போனது உதவாது. அடுத்து, ஒருவர் வேலி கட்டித் தடுத்தார், அது உங்களுக்குத் தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தீர்கள் என்றால் அது தடையாகக் கணக்காகும். ஒரு வாரம் தடுத்து, நீங்கள் சண்டை போட்டுத் திறக்கவைத்திருந்தால் கணக்கு அறுபடாது.

நாங்கள்தான் பாவம் பார்த்துப் போகவிட்டோம். இப்போது உரிமை என்கிறார்கள். விட்டவர்களுக்குத் தண்டனையா?

நியாயமான ஆத்திரம். இதனால்தான் சிலர் மனம் இருந்தும் வழி விட மறுக்கிறார்கள். தீர்வு ஒரு பக்கக் காகிதம். "இன்ன தேதியிலிருந்து உங்கள் நிலத்தில் உங்கள் அனுமதியின் பேரில் போய்வருகிறேன், கேட்டால் நிறுத்திக்கொள்கிறேன்" என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன 20 ஆண்டுக் கணக்கு அந்தக் கையெழுத்தோடு நின்றுபோகும். கையெழுத்துப் போட அவர் தயங்கினால் அதுவும் உங்களுக்கு ஒரு செய்திதான்.

அனுமதி கொடுத்தவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. உங்கள் அனுமதியை நம்பி அவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எதையாவது செய்து, நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு அனுமதியைத் திரும்பப் பெற முடியாத நிலை வரலாம். 60ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அவர் ஜல்லி கொட்டும் நாளிலேயே பேசுங்கள்.

என் மனையைச் சுற்றிலும் அடுத்தவர் நிலம். வெளியே வர வழியே இல்லை. சட்டம் வழி கொடுக்காதா?

கொடுக்கும், ஆனால் எல்லாரிடமிருந்தும் அல்ல. அவசியத்தால் வரும் வழியுரிமைக்கு, உங்கள் நிலமும் வழி கேட்கும் நிலமும் ஒரு காலத்தில் ஒரே உடைமையாக இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டு, பின் பங்குக்காரருக்கு வழி விட மறந்திருந்தால் 13ஆம் பிரிவு உதவும். எந்தத் தொடர்பும் இல்லாத பக்கத்து நிலம் குறுக்கு வழியாக இருக்கிறது என்பதற்காக அங்கே கேட்க முடியாது.

வழி எந்தப் பக்கம் என்று குறித்துக் காட்டும் உரிமை வழி விடும் நிலக்காரருக்கு. அது உங்களுக்கு ஓரளவு வசதியாகவும் இருக்க வேண்டும். அவசியம் வேறு, வசதி வேறு. சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தாலே அவசியம் என்ற வாதம் தளர்ந்துவிடும். பிரித்த நாளில் எவ்வளவு தேவை இருந்ததோ அந்த அளவுக்குத்தான் உரிமையும்.

பின்பக்கம் புதிதாகத் தார்ச்சாலை வந்துவிட்டது. பழைய பாதையை மூடிவிடுவேன் என்கிறார். மூடலாமா?

பாதை எப்படி வந்தது என்று பாருங்கள். முந்தைய கேள்வியில் சொன்ன அவசிய வழியாக இருந்தால், அவசியம் தீர்ந்ததும் உரிமையும் தீரும். பத்திரத்தில் எழுதிக்கொடுத்த பாதையானால் தீராது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் 2006இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது: எழுதிக்கொடுத்த உரிமை, வேறு வழி கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் அழியாது. 20 ஆண்டு அனுபவத்தால் வந்த உரிமையும் புதுச் சாலை வந்த மாத்திரத்தில் போகாது.

ஆனால் புதுச் சாலையின் சுகத்தில் பழைய பாதையை அடியோடு மறந்துவிடாதீர்கள். தொடர்ந்து 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் உரிமை அழியும்.

இருவருக்கும் பொதுவான சந்தில் அவர் காரை நிறுத்திவிடுகிறார். கேட்டால் "எனக்கும் பங்கு உண்டு" என்கிறார்.

பங்கு உண்டு, அடைக்க உரிமை இல்லை. கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் பயன்படுத்தலாம், மற்றவரின் பயன்பாட்டைக் கெடுக்காமல். சென்னையில் தனி வீடுகளை இடித்து நான்கு வீடுகளாகக் கட்டிய தெருக்களில் இன்று நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இதுதான். அங்கே இதைப் பாசேஜ் தகராறு என்பார்கள். பாதை நிலம் அவருடையதாகவே இருந்து உங்களுக்குப் போகும் உரிமை மட்டும் இருந்தால், உங்களுக்கு வழி விட்டு ஓரமாக அவர் நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் நிறுத்த முடியாது. போவதற்கான உரிமை நிற்பதற்கான உரிமை ஆகாது.

பாதை முகப்பில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். திருட்டுப் பயம் என்கிறார்.

கேட் போடுவது மட்டுமே தடை ஆகாது. சாவி உங்களிடமும் இருந்து, கேட்டின் அகலம் உங்கள் வண்டிக்குப் போதுமானால் பெரும்பாலும் வழக்குக்கு வேலையில்லை. சாவி தராமல் பூட்டினால், இரவு பத்து மணிக்கு மேல் போகக்கூடாது என்றால், அது தடைதான். நான் பார்த்த ஒரு கேட் சண்டை நாலு ஆண்டு ஓடி, கடைசியில் இரண்டாவது சாவி ஒன்று வெட்டியதில் முடிந்தது.

சிமெண்ட் தளம் போட யார் செலவு? அதே பாதையில் குழாய் பதிக்கலாமா?

பாதை அவர் நிலத்தில், உரிமை மட்டும் உங்களுக்கு என்றால், பழுது பார்க்கும் செலவு உங்களுடையது. குழியை நிரப்ப அவர் கடமைப்பட்டவர் அல்லர். நீங்கள் நிரப்புவதைத் தடுக்கவும் அவரால் முடியாது. கூட்டுப் பாதையானால் பேசிப் பங்கிட்டுக்கொள்வதுதான் முறை.

குழாய் வேறு விஷயம். நடக்கும் உரிமையில் பூமிக்கு அடியில் குடிநீர், கழிவுநீர்க் குழாய் பதிக்கும் உரிமை அடங்காது. வீடு கட்டி முடித்தபின் இதைத் தெரிந்துகொண்டு தலையில் கை வைப்பவர்கள் அதிகம்.

நேற்று இரவோடு இரவாகச் சுவர் எழுப்பிவிட்டார். பாதை என்னுடையதுதானே, இடித்தால் என்ன?

இடிக்காதீர்கள். பிறருடைய நிலத்தில் வழியுரிமை உள்ளவர், தவறாகப் போட்ட தடையைத் தானே அகற்றக்கூடாது என்று 36ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இடித்த மறுநாள் நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர். சுவர் எழுப்பியவர் எதிர்பார்த்துக் காத்திருப்பதே அதற்குத்தான்.

தேதி தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் பாதையில் சரக்கு இறக்கிய பழைய ரசீது, கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் பின்னணியில் தெரியும் பாதை, எல்லாம் சான்று. வக்கீல் மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமையை விளம்பக் கேட்டும், சுவரை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை கேட்டும் வழக்குப் போடலாம். இடைக்காலத் தடையும் கேட்கலாம். சுவர் பாதி எழும்பிய நிலையில் போவதற்கும் வெள்ளையடித்தபின் போவதற்கும் நிறைய வித்தியாசம். வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனு கொடுங்கள். அவர் நில அளவரோடு நேரில் வந்து அளந்து தரும் அறிக்கையும் வரைபடமும் பத்துச் சாட்சிகளைவிடப் பேசும்.

காவல் நிலையத்தில் உரிமையைத் தீர்மானிக்க மாட்டார்கள், தீர்மானிக்கவும் கூடாது. அடிதடி வரும் என்ற நிலை இருந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் விசாரித்துத் தற்காலிக உத்தரவு போடலாம். பழைய சட்டத்தில் இது 147ஆம் பிரிவு. ஆண்டு முழுதும் பயன்படும் பாதையானால், கடைசி மூன்று மாதங்களுக்குள் நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆறு மாதம் பொறுமையாக இருந்துவிட்டுப் போனால் அந்தக் கதவு மூடியிருக்கும். நிரந்தர முடிவு எப்படியும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான்.

வழக்குக்குப் போனால் என் பேரன்தான் தீர்ப்பைப் பார்ப்பான். வேறு வழி?

மாவட்டத்திலும் வட்டத்திலும் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து எதிர்த் தரப்பைப் பேச அழைக்கலாம். வழக்கு நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. பாதை வழக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் வென்றவரும் மறுநாள் காலை தோற்றவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மனை வாங்கப் போகிறேன். "பாதையெல்லாம் இருக்கிறது சார், எல்லாரும் போகிறார்கள்" என்கிறார் புரோக்கர்.

எல்லாரும் போவது எந்த உரிமையில் என்று கேளுங்கள். முதல் கேள்வியின் மூன்று வகைகளும் இங்கேதான் உதவும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவானால், சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அதன் நகலைப் பார்த்துவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான கவலைகள் உங்களுக்கு இல்லை. அது பொதுச் சாலை. யாராவது ஆக்கிரமித்தால் உள்ளாட்சியிடம் போகலாம். தனியார் நிலத்தின் வழியாகப் போகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுக்கும் முன் அந்த நிலக்காரரின் பத்திர நகலை வாங்கிப் படியுங்கள். பிறகு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். காகிதத்தில் 12 அடி இருந்து, நேரில் படிக்கட்டும் துளசி மாடமும் போக ஏழடி மிஞ்சும் பாதைகள் ஏராளம்.

பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். பாதையை எழுதும்போது எப்படி எழுத வேண்டும்?

"மாமூல்" என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுங்கள். நிலக்காரர் கையெழுத்தோடு எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் நாளை அந்த நிலத்தை வாங்குகிறவருக்கு வில்லங்கச் சான்றில் தெரியும். நான் இன்று எழுதினால் இப்படி எழுதுவேன் ('அ' வழி விடுபவரின் சொத்து, 'ஆ' வழி பெறுபவரின் சொத்து):

"மேற்படி 'அ' அட்டவணைச் சொத்தின் தென்புறம், கிழமேல் 60 அடி நீளமும் தென்வடல் 12 அடி அகலமும் கொண்டு, இத்துடன் இணைத்துள்ள வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தில் காட்டியுள்ள பாதையில், 'ஆ' அட்டவணைச் சொத்தின் உரிமையாளரும் அவருக்குப் பின் அச்சொத்தை அடைபவர்களும் நடந்தும், இருசக்கர வாகனம், கார், டிராக்டர், சுமை லாரி ஆகியவற்றிலும் எக்காலத்தும் சென்று வரவும், பாதையின் தரைக்கு அடியில் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களும் மின்கம்பியும் கொண்டு செல்லவும் பாத்தியம் உண்டு. இரு தரப்பாரும் பாதையில் வாகனம் நிறுத்தவோ, பொருள் வைக்கவோ, படிக்கட்டு முதலிய எதையும் பாதைக்குள் நீட்டவோ கூடாது. கேட் அமைத்தால் சாவி இரு தரப்பாரிடமும் இருக்க வேண்டும். பராமரிப்புச் செலவு சரிபாதி."

அளவுகளை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அளக்கும்போது டேப்பின் ஒரு முனையை அவரையே பிடிக்கச் சொல்லுங்கள்.